சாலி என்னும் தாய்: குறிகட்டுவான் துறையிலிருந்து சில குறிப்புகள்

குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்காகக் காத்து நிற்பவர்களைச் சற்று நேரம் கவனித்தால், யார் எதற்காகக் கடல் கடக்கிறார்கள் என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம். நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் அரிசி மூட்டையும் மரக்கறிப் பையுமாக நிற்பார்கள். அவர்களுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். நயினாதீவுக்குப் போகிறவர்களின் கையில் தேங்காய், பழம், கற்பூரம். கால்மணி நேரத்தில் அக்கரை சேர்ந்துவிடுவார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தில், மணமாகி ஆண்டுகள் பல கடந்தும் மடி நிறையாத தம்பதியரும் இருப்பார்கள். நாகபூஷணி அம்மனிடம் பிள்ளை வரம் கேட்கப் போகிறவர்கள். கேட்டது கிடைத்துவிட்டால் குழந்தைக்கு நாகேஸ்வரி, நாகராசா, நாகம்மா என்று பெயர் வைப்பார்கள். தீவகத்தில் ஒரு வகுப்பறையில் இடாப்பை வாசித்தால் இத்தகைய பெயர்கள் எத்தனை வரும் என்பதை அங்கு படிப்பித்த ஆசிரியர்கள் அறிவர்.

வரம் கேட்டுப் போகிறவர்கள் படகேறும் அதே துறையில், கேளாமல் வந்த வரத்தோடு கரையிறங்கியவர்களும் உண்டு. அவர்களை யாரும் இனங்காண முடியாது. இனங்காணக் கூடாதென்பதற்காகவே அவர்கள் அந்தப் பயணத்தை மேற்கொண்டார்கள். 'பட்டணத்தில் பெரியம்மா வீட்டில் நின்று தையல் பழகுகிறாள்' என்று ஊரில் சொல்லப்படும். ஐந்தாறு மாதங்களின் பின் அந்தப் பெண் மெலிந்து, பேச்சுக் குறைந்து திரும்பி வருவாள். பிள்ளை என்னவாயிற்று என்ற கேள்வி எழாது. பிள்ளை ஒன்று இருந்ததாகவே எவரும் ஒப்புக்கொள்ளாதபோது கேள்வி எங்கிருந்து எழும்?

எதிர்பாராமல் கருவுற்ற பெண் ஒருத்தி தன் பிள்ளையைப் பிறரிடம் வளர்க்கக் கொடுப்பதென்பது எங்கள் சமூகத்தில் எவ்வாறு நடந்து வந்திருக்கிறது என்பதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். தள்ளிப்போட்டதற்குக் காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பத்திரிகைத் தொழிலில் என் ஆரம்ப ஆண்டுகளில், ஊர் நிருபர்கள் அனுப்பும் செய்திகளைச் செப்பனிட்டுத் தலைப்பிடுவது என் வேலைகளுள் ஒன்று. 'பாழடைந்த கிணற்றில் சிசுவின் சடலம்', 'பற்றைக்குள் கைவிடப்பட்ட குழந்தை மீட்பு', 'தாய் கைது, விளக்கமறியல்'. இவை எல்லாம் வாசகர்களுக்குப் பழக்கமான தலைப்புகளே. எட்டுப் பத்து வரிகளில் முடிந்துவிடும். ஒருமுறை தீவுப் பகுதியிலிருந்து வந்த அவ்வாறான செய்தி ஒன்றுக்குக் 'கல்நெஞ்சத் தாய்' என்று தலைப்பிட்டவன் நான். யாரும் சொல்லி இட்டதன்று. ஒற்றைப் பத்திக்குள் அடங்கக்கூடிய சொல்லாக அது இருந்தது. அவ்வளவுதான்.

சில மாதங்கள் கழித்து வேறொரு விடயமாகத் தீவகம் சென்றிருந்தேன். இளைப்பாறிய மருத்துவமாது ஒருவர் வீட்டில் தேநீர் தந்தார்கள். நான் எந்தப் பத்திரிகையில் வேலை செய்கிறேன் என்று கேட்டறிந்த பின் அந்த அம்மா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தம்பி, அந்தப் பிள்ளைக்கு வயது பத்தொன்பது. ஏழு மாதம் மட்டும் பெத்த தாய்க்கே தெரியாமல் மறைச்சு வைச்சிருந்திருக்கு. பெத்தாப் பிறகு கோட்டில சட்டப்படி ஒப்படைக்கலாம், ஒருத்தரும் உன்னை மறியலில போடமாட்டினம் எண்டு அதுக்குச் சொல்ல ஒரு ஆள் இருக்கேல்லை. எனக்குத் தெரிஞ்சிருந்தால் நான் சொல்லியிருப்பன். நீங்கள் கல்நெஞ்சம் எண்டு போட்டிட்டியள்."

"அம்மா, எனக்கு இதெல்லாம் தெரியாது" என்றேன்.

"தெரியாட்டில் கேட்டிருக்கலாமே, ராசா" என்றார்.

அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. இப்போதும் இல்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

கைவிடப்பட்டு, பிறரால் எடுத்து வளர்க்கப்பட்ட பிள்ளையின் கதை தமிழில் மிகப் பழையது. அதன் முடிவும் குறிகட்டுவானுக்கு நேர் எதிரே தெரியும் தீவில்தான் நிகழ்ந்தது எனலாம். சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் வரும் மணிபல்லவம் இன்றைய நயினாதீவே என்று அறிஞர் பலர் கொள்வர். மாறுபட்ட கருத்துடையோரும் உளர். அந்த வாதத்துக்குள் நான் இறங்கவில்லை. தீவக மக்கள் அதனை எப்போதோ தீர்மானித்துவிட்டார்கள்.

ஆபுத்திரனை வாசகர்கள் அமுதசுரபியோடு சேர்த்தே நினைவிற்கொள்வர். அவனுடைய தாயை நினைப்பவர் குறைவு. அவள் பெயர் சாலி. வாரணாசியில் வேதம் ஓதுவித்த அபஞ்சிகன் என்னும் அந்தணனின் மனைவி. கணவனல்லாத ஒருவனால் கருவுற்றாள். தண்டனைக்கு அஞ்சி, கன்னியாகுமரியில் நீராடித் தீவினை தீர்த்துக்கொள்ளும் எண்ணத்துடன் தென்திசை நோக்கி நடந்தாள். வழியில், கொற்கைக்கு அப்பால் ஆயர் குடியிருப்பு ஒன்றின் அருகே, ஓர் இரவில் மகனைப் பெற்றாள். பிறர் கண்ணிற் படாத ஒரு தோட்டத்தில் அவனை விட்டுச் சென்றாள். பசு ஒன்று வந்து ஏழு நாள் பால் சொரிந்து அந்தப் பிள்ளையைக் காத்தது. அதன் பின் வந்தவன் இளம்பூதி என்னும் அந்தணன். வயனங்கோடு என்ற ஊரைச் சேர்ந்த அவன் தன் மனைவியோடு அவ்வழியே வந்தபோது குழவியின் அழுகுரல் கேட்டு எடுத்து, இவன் என் மகன் என்று மகிழ்ந்து வளர்த்தான், வேதமும் கற்பித்தான்.

இதுவரைக்கும் இக்கதை எந்த நாட்டுக் கதையாகவும் இருக்கலாம். ஆற்றில் விடப்பட்ட கர்ணனையும் நைல் நதி நாணலிடையே கிடந்த மோசேயையும் நாம் அறிவோம். சாத்தனார் வேறுபடுவது அடுத்த இடத்தில். வேள்விக்காகக் கட்டப்பட்டிருந்த பசுவை இரவில் அவிழ்த்துவிட்ட ஆபுத்திரன் பிடிபடுகிறான். அந்தணர் அவனை அடித்து, அவனுடைய பிறப்பைக் கேவலமாகப் பேசுகின்றனர். அவர்களில் ஒருவன், முன்பு குமரிக்குப் போகும் வழியில் சாலியைக் கண்டு பேசியவன். தான் பிள்ளையைப் பெற்று இரக்கமின்றி விட்டுவந்ததையும், தன் பாவத்துக்குக் கழுவாய் உண்டோ என்று ஏங்குவதையும் அவளே அவனிடம் சொல்லியிருக்கிறாள். அந்த அந்தரங்கத்தை அவன் ஊர் நடுவே போட்டுடைக்கிறான். இன்றைய பத்திரிகைச் செய்தியும் ஏறக்குறைய அதைத்தான் செய்கிறது. துயரத்தில் சொல்லப்பட்டது குற்றச்சாட்டாக அச்சேறுகிறது.

அப்போது ஆபுத்திரன் சிரிக்கிறான். நீங்கள் போற்றும் முனிவர்களுட் சிலர் தெய்வக் கணிகையின் மக்கள் அல்லரோ என்று கேட்கிறான். அங்ஙனமாயின் என் தாய் மேல் குற்றம் எப்படி வரும் என்று வாதிடுகிறான். தன்னைத் தோட்டத்தில் விட்டுச் சென்றவளுக்காக, விடப்பட்டவனே வழக்காடுகிறான். நான் படித்த அளவில், பழந்தமிழில் இதற்கு இணையான இடம் வேறில்லை. பல்கலைக்கழகத்தில் இக்காதையை எங்களுக்குக் கற்பித்தவர்கள் வேள்வி மறுப்பைப் பற்றியும் பௌத்த அறத்தைப் பற்றியும் விரிவாகச் சொன்னார்கள். சாலியைப் பற்றிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த வாதத்தின் விலை என்ன தெரியுமா? எடுத்து வளர்த்த பூதியே அவனை வீட்டைவிட்டுத் துரத்தினான். ஊர்கள் அவனுடைய பிச்சைப் பாத்திரத்தில் கல்லை இட்டன. மதுரைக்குச் சென்று இரந்து, கிடைத்ததைக் குருடர்க்கும் முடவர்க்கும் பகிர்ந்து உண்டான். அங்கே சிந்தாதேவி அவனுக்கு அமுதசுரபியைக் கொடுத்தாள். பிற்காலத்தில் சாவகத்துக்குக் கப்பலேறியவன் இடையில் மணிபல்லவத்தில் இறங்க, கப்பல் அவனை விட்டுவிட்டுப் போயிற்று. பிறந்தபோது ஒருமுறை, வளர்ந்தபோது ஒருமுறை, கடைசியில் இந்தத் தீவில் ஒருமுறை என அவன் மும்முறை கைவிடப்பட்டான். உண்பாரற்ற தீவில் தான் மட்டும் உண்டு வாழ மனமின்றி, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாது உயிர் நீத்தான்.

காவியத்திலிருந்து சட்டத்துக்கு வரும்போது காட்சி முற்றிலும் மாறுகிறது. ஒல்லாந்தர் ஆட்சியில், ஆளுநர் சீமோன்ஸின் ஆணைப்படி, யாழ்ப்பாணத்தின் வழக்காறுகளைத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து 1707 இல் நிறைவுசெய்தார். அதுவே தேசவழமை. தமிழாக்கம் செய்யப்பட்டு, பன்னிரண்டு முதலியார்களின் பார்வைக்கும் உட்பட்டது. ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலு அளித்தனர். அதில் பிள்ளை தத்தெடுப்பதற்கென்று தனிப் பகுதியே உண்டு. பிள்ளையில்லாத தம்பதியர் ஒரு பிள்ளையை எடுக்க விரும்பினால், தமக்குப் பின் சொத்துக்கு உரித்தாளராகக்கூடிய உடன்பிறந்தார் முதலிய உறவினரின் இணக்கத்தைப் பெறவேண்டும். சாட்சிகள் முன்னிலையில் மஞ்சள் நீர் அருந்தும் சடங்கு நிகழும். இணங்காத உரித்தாளரின் பங்கு தத்துப்பிள்ளைக்குச் சேராது. தத்துப்போன பிள்ளை பெற்றோர் வழி முதுசத்தை இழக்கும்.

கவனித்துப் பார்த்தால் இது பிள்ளையைப் பற்றிய சட்டமன்று, காணியைப் பற்றிய சட்டம். பெரியப்பாவும் மாமனும் சம்மதிக்க வேண்டும். வயிற்றிற் சுமந்தவள் சம்மதித்தாளா என்பது ஒரு பிரச்சினையாகவே கருதப்படவில்லை. தேசவழமையைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அக்காலத்து உலகம் முழுவதும் தத்து என்பது பெரும்பாலும் வம்சத்துக்கும் வயலுக்கும் வாரிசு தேடும் ஏற்பாடாகவே இருந்தது. ஒல்லாந்தர் தம்முடன் கொண்டுவந்த உரோம-டச்சுச் சட்டமோ தத்து என்ற ஒன்றையே ஏற்கவில்லை. அதனோடு ஒப்பிட்டால் எங்கள் வழமை தாராளமானதே.

சட்டத்துக்குப் புறம்பாகவும் பிள்ளைகள் கைமாறினார்கள். பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்தால், அடுத்துப் பிறப்பதை அயல்வீட்டுப் பெண்ணுக்குத் தவிட்டுக்கு விற்று வாங்கும் வழக்கம் தமிழர் வாழும் இடமெங்கும் இருந்தது. அது காலனை ஏமாற்றும் பாவனை. ஆனால் பாவனையல்லாத கைமாற்றங்களும் நடந்தன. தங்கைக்குப் பிறந்ததை அக்காள் வளர்த்தாள். மணமாகாத மகளின் பிள்ளை, பாட்டியின் கடைக்குட்டியாக வளர்ந்தது. மருத்துவிச்சி ஒருத்தி இரவோடிரவாக ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் குழந்தையைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். விதானையாருக்குத் தெரியும், ஆனால் தெரியாது. இவற்றுட் பல நல்லபடியாகவே முடிந்தன என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகள் அன்பாக வளர்ந்தனர், படித்தனர், வெளிநாடும் போயினர். கெட்டது எங்கே என்றால், பெற்றவள் அதே ஊரில், அதே கோயிலில், தன் பிள்ளையை 'தங்கச்சியின்ர மகன்' என்று பார்த்துக்கொண்டு வாழவேண்டியிருந்த இடத்தில்தான்.

நவீன சட்டம் 1941 இல் வந்தது. அவ்வாண்டின் 24 ஆம் இலக்கப் பிள்ளைகளை மகவேற்றல் கட்டளைச் சட்டம், இங்கிலாந்தின் 1926 ஆம் ஆண்டுச் சட்டத்தை அடியொற்றியது. முதன்முறையாக இங்கு ஒரு தாயிடம் கேள்வி கேட்கப்பட்டது. பெற்றவரின் சம்மதம் வேண்டும்; மணமாகாதவளின் பிள்ளையாயின் அவளுடைய சம்மதம் வேண்டும். பிள்ளை மீதான உரிமையை நிரந்தரமாக இழக்கிறோம் என்பதை அவள் விளங்கிக்கொண்டிருக்கிறாளா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டும். பணம் கைமாறக் கூடாது. பிள்ளையின் நலனே அளவுகோல். காணி உறுதியை இடையில் வைத்துப் பேசிய இருநூறு ஆண்டுகளுக்குப் பின் இது ஒரு பெரிய பாய்ச்சல்.

சொல்லைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. 'மகவேற்பு' என்பது எங்கள் சட்ட மொழிபெயர்ப்பாளர்கள் தந்த அழகிய சொல். ஆயினும் அதில் ஏற்பவர் மட்டுமே இருக்கிறார். 'தத்து' என்ற பழைய வடசொல்லுக்குக் 'கொடுக்கப்பட்டது' என்று பொருள். அங்கே கொடுத்தவளின் நிழலாவது விழுகிறது. தூய தமிழாக்கம் செய்தபோது நாம் தற்செயலாக அவளையும் சேர்த்து நீக்கிவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சட்டம் இருந்தது. அதைப் பற்றி அறிந்திருக்க வேண்டியவளுக்கு அது எட்டவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்த சட்டம் வேறு. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, 303 ஆம் பிரிவில், தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றிக் கருவைக் கலைப்பதைக் குற்றமாக்கியது. மூன்றாண்டு வரை சிறை. கருவில் உயிர்த்துடிப்புத் தோன்றிய பின்னாயின் ஏழாண்டு வரை. கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளியே. விக்டோரியா மகாராணியார் காலத்து இவ்விதியைத் தளர்த்த 1995 இல் நாடாளுமன்றத்தில் எடுத்த முயற்சி கைகூடவில்லை. வன்புணர்ச்சியால் உண்டான கருவுக்கும், பிழைக்க வழியற்ற கருவுக்கும் மட்டுமாவது விலக்களிக்க 2017 இல் வந்த யோசனையும் சமயத் தலைமைகளின் எதிர்ப்பால் கிடப்பிற் போடப்பட்டது. பெற்ற பின் பிள்ளையைக் கைவிடுவதும் குற்றம். இறந்த பிள்ளையை இரகசியமாக மறைப்பதும் குற்றம். இப்பிரிவுகளையெல்லாம் ஊர் அறியும், ஏனெனில் பத்திரிகைகள் அவற்றை மட்டுமே எழுதின. எவர் மீதும் வழக்குப் பதியாத, முறைப்படி ஒப்படைக்கும் வழி ஒன்று இருப்பதைப் பற்றி நான் பணியாற்றிய காலத்தில் எங்கள் பக்கங்களில் ஒரு கட்டுரை வந்ததாக எனக்கு நினைவில்லை.

மணமாகாதவள் பிள்ளையைத் தானே வைத்து வளர்ப்பதும் ஒரு வழிதானே என்று யாரும் கேட்கலாம். ஆம், சிலர் வளர்த்தார்கள். ஆனால் எங்கள் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் நெடுங்காலமாக ஒரு கூடு இருந்தது: பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா? அதில் 'இல்லை' என்று எழுதப்பட்ட தாளைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துச் சென்ற பிள்ளைகளின் அனுபவத்தை நான் இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

இனி, இந்த வரலாற்றின் இருண்ட பகுதிக்கு வருகிறேன். 1970களின் தொடக்கத்திலிருந்து ஐரோப்பியத் தம்பதியர் இலங்கைக் குழந்தைகளைத் தேடி வந்தனர். நெதர்லாந்து, சுவீடன், ஜெர்மனி, சுவிற்சர்லாந்து எனப் பல நாடுகளுக்கும் ஏறக்குறைய 11,000 குழந்தைகள் சென்றதாக ஊடகங்கள் மதிப்பிட்டுள்ளன. சுவிற்சர்லாந்துக்கு மட்டும் 1973 முதல் 1997 வரை 881 குழந்தைகள். தேவை பெருகியபோது அதை நிறைவுசெய்ய ஒரு வணிகம் முளைத்தது. வறிய பெண்களைப் பேறுகாலம் வரை ஒரே இடத்தில் தங்கவைத்துப் பிள்ளைகளைப் பெற்றுக்கொள்ளும் நிலையங்கள் நடந்தன. 'குழந்தைப் பண்ணைகள்' என்று அவற்றுக்குப் பெயர் வந்தது. பொலிஸார் அவற்றைக் கண்டுபிடித்த பின், 1987 இல் வெளிநாட்டவருக்கான மகவேற்பு இடைநிறுத்தப்பட்டது. 1992 இல் சட்டம் இறுக்கப்பட்டது.

முப்பது ஆண்டுகளின் பின், வளர்ந்து ஆளாகிய அந்தப் பிள்ளைகள் தாயைத் தேடி வந்தபோதுதான் முழுக் கதையும் வெளிப்பட்டது. பத்திரத்தில் உள்ள பெயரையும் ஊரையும் வைத்துக்கொண்டு தேடிச் சென்று, அந்தப் பெண்ணைக் கண்டு, கட்டியழுது, பிறகு மரபணுப் பரிசோதனை செய்து பார்த்தால் அவள் தாயல்லள். நீதிமன்றத்திலும் தூதரகத்திலும் தாயாக நின்று கையொப்பமிடுவதற்காகச் சிறு தொகைக்கு அமர்த்தப்பட்ட பெண் அவள். 'நடிப்புத் தாய்மார்' என்று அவர்களைக் குறிப்பிடுகிறார்கள். 2017 இல் நெதர்லாந்தின் 'செம்பிளா' தொலைக்காட்சி நிகழ்ச்சி இவற்றை வெளிக்கொணர்ந்தது. அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன அந்நிகழ்ச்சியிலேயே முறைகேடுகள் நடந்ததை ஏற்றுக்கொண்டார். சுவிஸ் அரசாங்கம் 2020 டிசம்பரில், தன் அதிகாரிகள் 1980களின் தொடக்கத்திலேயே அறிகுறிகளை அறிந்திருந்தும் உரிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. 2021 பெப்ரவரியில் யூஸ்திரா ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவந்ததும் நெதர்லாந்து வெளிநாட்டு மகவேற்பையே இடைநிறுத்தியது.

1941 ஆம் ஆண்டுச் சட்டம் தாயின் சம்மதத்தைக் கேட்டது என்றேன். அந்தச் சம்மதம் என்ற ஒன்றையே கடையிற் சரக்காக்கிவிட்டார்கள். சட்டத்தில் தாய் இருந்தாள். கூண்டில் ஒரு தாய் நின்றாள். உண்மைத் தாய் மட்டும் அங்கே இல்லை.

இவ்வணிகம் பெரும்பாலும் தென்னிலங்கையில் நடந்தது. வடக்கில் அப்போது போர். ஆயினும் எங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சொல்ல முடியாது. 1983 இன் பின் புங்குடுதீவிலிருந்தும் அயல் தீவுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் அகதிகளாகச் சுவிற்சர்லாந்துக்குச் சென்றனர். ஒரே ஆண்டுகளில், ஒரே நாட்டுக்கு, இலங்கையிலிருந்து இருவகைப் பிள்ளைகள் போயினர். ஒரு வகையினர் தாயின் கைபிடித்து அகதி முகாம்களுக்குச் சென்றவர்கள். மறுவகையினர் அந்நியர் கைகளில் வசதியான வீடுகளுக்குச் சென்றவர்கள். பேர்ணிலோ சூரிச்சிலோ புகையிரதத்தில் எதிரெதிரே அமர்ந்திருந்த இவ்விருவரும் ஒருவரையொருவர் எவ்வாறு பார்த்திருப்பர் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. தன் ஊரின் பெயரை ஒருவர் அறிவார். மற்றவரின் பத்திரத்திலிருக்கும் ஊரின் பெயரும் பொய்யாக இருக்கலாம்.

செல்வ நாடுகள் தம் சொந்தப் பெண்களையும் மேலாக நடத்திவிடவில்லை. அயர்லாந்தில் மணமாகாத தாய்மாருக்கென நடத்தப்பட்ட இல்லங்களை விசாரித்த ஆணைக்குழு 2021 சனவரியில் அறிக்கையிட்டது. 1922 முதல் 1998 வரை, விசாரிக்கப்பட்ட பதினெட்டு நிலையங்களில் மட்டும் சுமார் 56,000 தாய்மாரும் 57,000 குழந்தைகளும்; அவர்களுள் ஏறக்குறைய 9,000 குழந்தைகள் இறந்துபோயினர். பிரதமர் மைக்கேல் மார்ட்டின் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். கட்டாயத் தத்தளிப்புகளுக்காக அவுஸ்திரேலியப் பிரதமர் ஜூலியா கில்லார்ட் 2013 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அங்கெல்லாம் தாய்மார் கையொப்பமிட்டிருந்தார்கள். பேற்றுக் களைப்பிலும் மருந்து மயக்கத்திலும், வேறு வழியே இல்லை என்று சொல்லப்பட்ட நிலையிலும் இட்ட கையொப்பங்கள் அவை.

இத்தனை கண்ணீருக்குப் பிறகுதான் உலகம் ஒரு சிறிய விதியைக் கற்றுக்கொண்டது. நாடுகளுக்கிடையிலான மகவேற்பு பற்றிய 1993 ஆம் ஆண்டின் ஹேக் சமவாயம், தாயின் சம்மதம் பிள்ளை பிறந்த பின்னரே பெறப்பட வேண்டும் என்கிறது. கருவிலிருக்கும்போது அவள் என்ன சொல்லியிருந்தாலும் அது சம்மதமாகாது. அதற்குப் பணமோ பண்டமோ தூண்டுதலாக இருக்கக்கூடாது. விளைவுகளை அவளுக்கு எடுத்துரைத்திருக்க வேண்டும். இச்சமவாயம் 1995 மே 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தபோது அதனை ஏற்றிருந்த நாடுகள் மூன்றே: மெக்சிக்கோ, ருமேனியா, இலங்கை. பிள்ளைகளை அதிகமாக இழந்த நாடுகளே முந்திக்கொண்டன என்பதில் வியப்பில்லை.

தமிழகத்தின் அனுபவம் சற்று வேறு. அங்கே 1992 இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பெண் சிசுக்கொலையைத் தடுக்க எழுந்தது. மணமான பெற்றோரே வேண்டாமென்று கருதிய பெண் குழந்தைகளுக்கானது. பெயர் கேட்காமல் தொட்டிலில் இட்டுச் செல்லலாம் என்பது பல உயிர்களைக் காத்தது. பெண் பிள்ளையைத் துறப்பதற்கு அரசே வசதி செய்து கொடுக்கிறது என்ற கண்டனமும் எழுந்தது. என் பார்வையில் அதைவிட முக்கியமானது இந்தியாவின் 2015 ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்திலுள்ள ஒரு பிரிவு. பிள்ளையை ஒப்படைத்த பெற்றோருக்கு மறுபடி எண்ணிப் பார்க்க இரண்டு மாத அவகாசம் உண்டு. அதற்குள் மனம் மாறினால் பிள்ளையைத் திரும்பப் பெறலாம். கொடுத்த கையை நீட்டி வாங்கவும் இடம் வைத்த சட்டம் அது.

எங்கள் தீவகத்தில் இன்று அவ்வாறான நிலைக்கு ஆளாகும் பெண் என்ன செய்யலாம்? குடும்பநல உத்தியோகத்தரிடமோ ஆஸ்பத்திரியிலோ அவள் வாய் திறந்தால், மாகாணத்தின் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்துக்கு விடயம் போகும். பிள்ளையை ஏற்க விரும்புவோர் அங்கே விண்ணப்பித்துக் காத்திருக்கிறார்கள். அவர்களுடைய வீடு, வருமானம், குணநலன் விசாரிக்கப்படும். பிறந்த பின் தாயின் சம்மதம் பெறப்படும். நீதிமன்றம் கட்டளையிடும். பதிவாளர் நாயகத்தின் பதிவேட்டில் புதிய பெற்றோரின் பெயரில் பிள்ளை பதியப்படும். இவற்றில் எந்தக் கட்டத்திலும் அவள் குற்றவாளி அல்லள். பெற்றுப் பார்த்த பின், இல்லை, நானே வளர்க்கிறேன் என்று அவள் சொன்னாலும் குற்றமில்லை.

இவ்வளவையும் எழுத எனக்கு ஒரு பத்திதான் தேவைப்பட்டது. கல்நெஞ்சத் தாய் என்று தலைப்பிட்ட நாளில் இதே பத்தியை அந்தச் செய்தியின் கீழ் பெட்டி கட்டிப் போட்டிருக்கலாம். இடம் இருந்தது. அன்று கீழே மோட்டார் சைக்கிள் விளம்பரம் ஒன்று போட்டோம்.

நடைமுறையில் தடையாக இருப்பது சட்டமன்று, வாய் திறப்பது. சிறிய தீவில் மருந்துக்கடைக்காரர் மாமா முறை. படகோட்டி அண்ணன் முறை. கிராம அலுவலர் தகப்பனோடு படித்தவர். குறிகட்டுவானில் பஸ் ஏறும்போது யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டுதான் ஏற வேண்டும். அந்த மருத்துவமாது அம்மாவிடம் நான் இதைக் கேட்டேன்: உங்கள் காலத்தில் யாராவது உங்களிடம் வந்து சொன்னார்களா?

"வந்தவை" என்றார். "எத்தனை பேர் எண்டு கேக்காதையுங்கோ. ஆர் எண்டும் கேக்காதையுங்கோ. ஒருத்திக்கு நான் பிள்ளையை வைச்சிரு எண்டுதான் சொன்னனான். இன்னொருத்திக்குக் குடுக்கிறதுதான் நல்லது எண்டு எனக்குப் பட்டுது. ஆனால் நான் முடிவு சொல்லேல்லை. பிள்ளையைப் பெத்து, பாத்து, பிறகு யோசி எண்டன். அவள் மூண்டு நாள் பால் குடுத்தாள். பிறகு குடுத்தாள். கோட்டில நான் பக்கத்தில இருந்தனான்."

அந்தப் பெண் இப்போது எங்கே என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அந்த அளவுக்காவது அதற்குள் நான் கற்றிருந்தேன். ஹேக் சமவாயத்தை அந்த அம்மா படித்திருக்க வாய்ப்பில்லை. அதன் நான்காம் உறுப்புரையில் உள்ளதைத் தன் பாட்டில் செய்திருக்கிறார்.

அண்மையில் ஆனித் திருவிழாவுக்கு நயினாதீவு சென்றிருந்தேன். குறிகட்டுவானில் வெயிலில் நீண்ட வரிசை. புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து வந்தவர்கள் பாதிப்பேர். பிரெஞ்சு பேசும் பிள்ளைகள், ஜெர்மன் பேசும் பிள்ளைகள். எனக்கு முன்னால் நின்ற இளம் தம்பதியரின் தோளில் ஒரு வயதுக் குழந்தை. பின்னால் நின்ற வயதான அம்மா ஒருவர் குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, "ஆரைப் போல?" என்று கேட்டார். தாய் சற்றும் தயங்காமல், "நாங்கள் எடுத்து வளர்க்கிறம் அம்மா, அவளைப் பெத்தவவைப் போல இருப்பாள்" என்றாள். கேட்டவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு குழந்தையின் கையில் ஒரு கண்டோஸ் கொடுத்தார். வரிசை நகர்ந்தது.

பூசை முடிந்து அன்னதானத்துக்குப் போனோம். நயினாதீவில் அடியார்க்கு உணவிடும் அந்த மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். சாலி பெற்று விட்டுச் சென்ற மகனின் பாத்திரத்தின் பெயர் அது. பந்தியில் எனக்கு எதிரே அந்தக் குழந்தை அமர்ந்து சோற்றை அளைந்துகொண்டிருந்தாள்.